தொண்ணூற்றிரண்டு கிலோ அத்தான்

எங்கள் அத்தான் பதினோரு வருடங்கள் தொண்ணூற்றிரண்டு கிலோவாக இருந்தார். ஒரு கிலோ கூடவில்லை, ஒரு கிலோ குறையவில்லை. தன் எடையைத் தான் வாங்கிய பட்டம் மாதிரி பெருமையாகச் சொல்லிக்கொள்கிற இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை.

அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். எடை மெஷின் பழுது பார்ப்பது தொழில். பார்சல் ஆபீஸ், சலவைக்கடை, உடற்பயிற்சிக் கூடம், சிமெண்ட் கிடங்கு என்று ஆள் ஏறி நிற்கிற அளவுக்கு மெஷின் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அவர் கை பட்டிருக்கும். அவருக்கு அடுத்த கடையில்தான் நான் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டு மாடி அறையில் படுக்கை, அக்கா அடுப்படியில் மூன்று வேளைச் சாப்பாடு. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நடந்த விஷயத்தில் என் வயிற்றுக்கும் பங்கு உண்டு.

மெஷினைச் சரிசெய்த பிறகு அது ஒழுங்காகக் காட்டுகிறதா என்று பார்க்க முத்திரை குத்திய எடைக்கற்கள் வேண்டும். அத்தானிடம் இருபது கிலோ இரும்புக் கற்கள் ஐந்து இருந்தன. கடை மூலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தன. நூறு கிலோ இரும்பை மாடி மாடியாக ஏற்றி இறக்க யாருக்கு ஆசை? அத்தான் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார். செருப்பைக் கழற்றுவார், சாவிக்கொத்தையும் போனையும் மேஜையில் வைப்பார், மெஷின் மேல் ஏறி நிற்பார். தொண்ணூற்றிரண்டு காட்டினால் மெஷின் யோக்கியம். வேறு எது காட்டினாலும் மெஷினில் கோளாறு. பொத்தானை அழுத்தித் தொண்ணூற்றிரண்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் அந்த ஐந்து கற்களை வைத்துத் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்வார். ஒருமுறைகூட மாறியதில்லை. தெருவில் அவருக்கு ‘எடைக்கல்’ என்றே பேர். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் கடையில் உட்கார்ந்த இடத்திலேயே தலை சுற்றியது. டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை எல்லையில் வந்து நிற்கிறது, ஈரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்றார்.

“மாத்திரை எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சு பாப்போம் சார். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு முதல் சாப்பாடு. ராத்திரி எட்டு மணிக்குள்ள கடைசிச் சாப்பாடு. நடுவுல வெறும் தண்ணி, பால் சர்க்கரை இல்லாத காப்பி, அவ்வளவுதான். சாப்பிடற நேரத்துலயும் அளவா, லேசா சாப்பிடுங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க.”

“பசிச்சா என்ன செய்யறது?”

“பசிக்கும். கொஞ்ச நாள் போனா அதுவே பழகிடும்.”

அத்தான் ஒன்றைப் பிடித்தால் விடுகிற ஆள் இல்லை. மறுநாள் காலை ரொட்டியும் முட்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் மேஜையில் ஆவி பறக்க இருந்தபோது, அவர் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அவர் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

முதல் வாரம் அவர் பக்கத்தில் போக முடியவில்லை. பத்து மணிக்கு எதிர்த்த ரொட்டிக்கடையில் அடுப்பிலிருந்து தட்டை வெளியே இழுப்பார்கள். அந்த வாசனை வந்ததும் அத்தான் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பதினொன்றரைக்குத் தலைவலி. பதினொன்றே முக்காலுக்கு யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுவார். சும்மா வணக்கம் சொன்ன தபால்காரரிடம், “அதுக்கு இப்ப என்னங்கறீங்க?” என்றார். பன்னிரண்டு அடித்ததும் மனிதர் மறுபடி மனிதராவார்.

பத்துப் பன்னிரண்டு நாளில் அது அடங்கியது. பசி வந்து வயிற்றைக் கிள்ளுகிறது, கால் மணி நேரம் கண்டுகொள்ளாமல் இருந்தால் தானே போய்விடுகிறது என்று கண்டுபிடித்தார். “இத்தனை வருஷமா பசிச்சு சாப்பிடலடா, மணி அடிச்சா சாப்பிட்டிருக்கேன்” என்றார். அக்கா வைக்கும் சூப்பும், வேகவைத்த காய்கறியும், பாதித் தட்டுச் சோறும், ஒரு துண்டு மீனும் போதுமென்று எழுந்துவிடுவார். ஒரு நாள் வெள்ளரிக்காயைக் கடித்துவிட்டு, அதில் இத்தனை ருசி இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை, நான் அதைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கணக்கில் வைத்ததே கிடையாது.

கெட்ட செய்தி என்னவென்றால், வீட்டுக்காரர் சாப்பிடாத காலைச் சாப்பாட்டை ஒரு தண்டச்சோற்றுத் தம்பிக்காக மட்டும் அக்கா எத்தனை நாள் சமைப்பாள்? உருளைக்கிழங்கு முதலில் போயிற்று. பிறகு முட்டை இரண்டிலிருந்து ஒன்றாயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ரொட்டியும் போய்விடும்.

இத்தனைக்கும் எடை மட்டும் குறையவில்லை. குறையவில்லை என்று அத்தான் சொன்னார், நாங்கள் நம்பினோம். வீட்டின் பின்பக்கம் ஒரு பழைய மேடை மெஷின் இருந்தது. நாலாவது வாரம் அதில் ஏறினார். தொண்ணூறு காட்டியது. “மெஷின் இறங்கிடுச்சு” என்று சொல்லி, குனிந்து, திருகித் தொண்ணூற்றிரண்டுக்குக் கொண்டுவந்தார். ஆறாவது, எட்டாவது, பத்தாவது வாரங்களிலும் மெஷின் இறங்கியிருந்தது. சலவைக்கடை மெஷினும் இறங்கியிருந்தது. பார்சல் ஆபீஸ் மெஷினும் அப்படியே. “இந்தக் காலத்துச் சாமான் எதுவும் நிக்கறதில்ல” என்று சலித்துக்கொண்டே ஒவ்வொன்றாக ஏற்றிவைத்தார். மெஷினும் அவரும் ஒத்துப்போகாத இடத்தில் பதினோரு வருடமாக மெஷின்தான் தோற்றிருக்கிறது. அந்தப் பழக்கத்தில் ஊறிப்போன மனிதருக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்?

இடுப்புப் பட்டையில் இரண்டு ஓட்டை உள்ளே போனார். தோல் நீண்டுவிட்டது என்றார். கால்சட்டை தொளதொளத்தது. அக்கா துவைத்துத் துவைத்துக் கெடுத்துவிட்டாள் என்றார். பின்பக்க மெஷினில் அக்கா ஏறினாள், நாலு கிலோ கூடியிருந்தாள். அன்றோடு அந்தப் பக்கம் போவதை விட்டாள். நான் ஏறினேன், ஐந்து கிலோ கூடியிருந்தேன். அத்தான் என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கும் மனசாட்சி உறுத்தியது, அவர் பங்கு முட்டையெல்லாம் எங்கே போனது என்று எனக்குத்தானே தெரியும். இறங்கிவிட்டேன்.

“எடை குறையாட்டி போகுது, உடம்பு லேசா இருக்கு. படியேறினா மூச்சு வாங்கல. அது போதும்” என்பார். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தார். காரியம் அங்கேயே நின்றிருந்தால் இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

அவருக்கு ஒரே மகள். பத்தொன்பது வயது. துறுதுறுவென்று இருப்பாள், ஆகையால் எல்லோருக்கும் சிட்டு. இந்தச் சிட்டு செய்கிற காரியம் குத்துச்சண்டை. ஐம்பத்தேழு கிலோ பிரிவு. மாகாண அணிக்கான தேர்வுப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. போட்டியன்று காலை எடை போடுவார்கள். ஐம்பத்தேழுக்கு மேல் நூறு கிராம் இருந்தாலும் வளையத்துக்குள் விடமாட்டார்கள். அதற்கு அடுத்த பிரிவில் அவர்கள் கிளப்பிலேயே வேறொரு பெண் இருந்தாள், அந்த இடம் அவளுக்கு. இரண்டு வருடமாக சிட்டு விடிகாலையில் எழுந்து ஓடுவது இந்த ஒரு போட்டிக்காக.

பத்தாவது வாரம் கிளப் மெஷினில் எண்கள் நடுங்குகின்றன என்று கோச் சொல்லியனுப்பினார். மகளின் கிளப். அத்தான் சட்டையை மாற்றிக்கொண்டு போனார். உள்ளே ஒரு கம்பி விட்டிருந்தது, பற்றவைத்தார். செருப்பைக் கழற்றினார், சாவியையும் போனையும் எடுத்து வைத்தார், ஏறினார். எண்பத்தாறு. வாயில் ‘ச்சு’ கொட்டிவிட்டுத் தொண்ணூற்றிரண்டுக்கு ஏற்றினார்.

அன்று மாலை சிட்டு ஏறினாள். அறுபத்தொன்று.

“இவ்வளவு நாளா மெஷின் நம்மள ஏமாத்தியிருக்கு” என்றார் கோச். “அப்பா வந்து சரியாக்கினதால தப்பிச்ச. இன்னும் மூணு வாரம் இருக்கு, நாலு கிலோ குறைச்சாகணும்.”

வீட்டுக்கு வந்து பின்பக்க மெஷினில் ஏறினாள். அதுவும் அறுபத்தொன்று. இரண்டு மெஷின் ஒரே மாதிரி சொன்னால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? இரண்டும் ஒரே ஆள் சரிபார்த்த மெஷின் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து சிட்டுவும் அப்பாவோடு சேர்ந்துகொண்டாள். அத்தானுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பன்னிரண்டு மணிக்கு இரண்டு தட்டு, ஏழரைக்கு இரண்டு தட்டு. அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து, பசி எப்படி வந்தது எப்படிப் போனது என்று பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள். அப்படி அவர்கள் பேசி நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து அவள் அப்பாவிடம் ஐந்து வார்த்தைக்கு மேல் பேசியது கிடையாது. அத்தான் அந்த இரண்டு வேளைக்காகக் கடையைச் சாத்திவிட்டு ஓடிவந்தார்.

முதல் வாரம் அழகாகப் போயிற்று. இரண்டாவது வாரம் ஏழரைத் தட்டு நின்றது. பிறகு பன்னிரண்டு மணித் தட்டில் சோறு நின்றது, மீன் நின்றது. அத்தான் ஐம்பது வயதில் உட்கார்ந்து வேலை செய்கிற ஆள். அவள் நாளுக்கு இரண்டு வேளை ஓடிக் குதித்து அடி வாங்குகிறவள். அந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்தது, அக்காவுக்குத் தெரிந்தது, மெஷினுக்குத் தெரியவில்லை. ஒரு சாயங்காலம் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்திருந்தாள். ஏன் என்றேன். “சும்மா மாமா” என்றாள். உதடு வெடித்திருந்தது.

அன்று அக்கா பிடித்துக்கொண்டாள். “ஏங்க, பிள்ள முகத்தப் பாத்தீங்களா? கன்னம் ஒட்டிப்போச்சு. இது விளையாட்டா, பட்டினியா?”

“இன்னும் ரெண்டு கிலோதான். என்னைப் பாரு, நான் நல்லாத்தானே இருக்கேன்?”

“உங்களுக்குக் குறைக்க இருக்கு. அவகிட்ட என்ன இருக்கு?”

நான் சொன்னேன், இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று. சொன்னவன் ஐந்து கிலோ கூடின ஆள், என் பேச்சை யார் சபையில் ஏற்றுவார்கள்?

போட்டிக்கு மூன்று நாள் இருந்தபோது அத்தானுக்கு டாக்டரம்மா சொன்ன கெடு வந்தது. பரிசோதனைக் காகிதங்களை நகல் எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். சர்க்கரை இறங்கியிருந்தது, ஈரல் நன்றாக இருந்தது. “ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க சார். ஏறுங்க, எடையப் பாப்போம்.”

அத்தான் சாவியையும் போனையும் என் கையில் கொடுத்துவிட்டு ஏறினார். எண்பத்தைந்து.

அத்தான் சிரித்தார். “உங்க மெஷின் ஏழு கிலோ இறங்கியிருக்கு டாக்டர். பை கைல இருக்கு, ரெண்டே நிமிஷம்.” இறங்கி, குனிந்து, திருப்புளியை எடுத்து மூடியில் வைத்துவிட்டார்.

“அதத் தொடாதீங்க சார். போன வாரம்தான் கல் வெச்சுப் பாத்து முத்திரை போட்டுட்டுப் போனாங்க.” டாக்டரம்மா பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். “மெஷின் சரிதான். நீங்கதான் குறைஞ்சிருக்கீங்க.”

அத்தான் குனிந்தபடியே இருந்தார். அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தார். மூன்று மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிய மனிதருக்கு ஏழு கிலோ குறைந்திருக்கிறது என்று சொன்னால் முகம் மலர வேண்டும். அத்தான் முகத்தில் ரத்தமே இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னார்.

“பிள்ள.”

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. டாக்டரம்மாவிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. கடைக்கு ஓடினோம். சாக்கை உதறி ஐந்து கற்களையும் ஆட்டோவில் ஏற்றினோம். கிளப் இரண்டாவது மாடி. நான் ஒவ்வொன்றாக இரண்டு கல் தூக்குவதற்குள் அத்தான் மூன்றைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். எண்பத்தைந்து கிலோவில் மனிதர் எப்படிப் படியேறுகிறார் என்று அன்றுதான் கண்ணால் கண்டேன்.

வியர்வை கொட்டி எடை இறங்குவதற்காகக் கழுத்துவரை மூடிய ரப்பர் சட்டையோடு சிட்டு கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை என்று கோச் பாராட்டாகச் சொன்னார். மெஷின் அப்போது அவளை ஐம்பத்தெட்டேகால் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

“நிறுத்தும்மா” என்றார் அத்தான். மூன்று கல் சுமந்தும் மூச்சு வாங்கவில்லை. “மெஷின் தப்பு. நான்தான் தப்பா வெச்சேன். நான் மெலிஞ்சுபோயிருக்கேன், எனக்கே தெரியல. என் எடைய வெச்சுத்தான் இதச் சரிபாத்தேன். நீ எப்பவும் ஐம்பத்தேழுக்குள்ளதான் இருந்த.”

சிட்டுவின் கயிறு தரையில் கிடந்தது. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு அறுபத்தொண்ணுன்னு சொன்னீங்க. இன்னிக்கு ஐம்பத்தேழுன்னு சொல்றீங்க. நான் எதப்பா நம்பறது?”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அத்தான் கற்களை அவள் பக்கம் நகர்த்தினார். “என்னை நம்பாதம்மா. நீயே வெச்சுப் பாரு. முத்திரை இருக்கா பாரு, அப்புறம் வை.”

ஒவ்வொரு கல்லிலும் முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டு அவளே தூக்கி வைத்தாள். ஐந்தாவது கல்லைப் பாதி தூக்கிக் கீழே வைத்துவிட்டு மறுபடி தூக்கியதை நான் பார்த்தேன், அத்தானும் பார்த்தார். நூறு கிலோ இரும்பு. மெஷின் நூற்றேழு என்றது. அத்தான் பொத்தானை அழுத்தி நூறாக்கினார். கற்களை இறக்கிவிட்டு அவள் ஏறினாள். ஐம்பத்துநாலரை.

கோச் தலையில் கை வைத்துக்கொண்டார். சிட்டு ரப்பர் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குழாயில் வாய் வைத்துக் குடித்தாள். அத்தான், “மெதுவாம்மா, மெதுவா” என்றார். அவள் திரும்பவில்லை.

அன்றிலிருந்து அக்கா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. முதலில் சூப்பு, பிறகு கஞ்சி, பிறகு முட்டை, மீன், சோறு என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். என் உருளைக்கிழங்குகூடத் திரும்பி வந்தது. சிட்டு சாப்பிட்டாள். ஆனால் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள். பன்னிரண்டு மணிக்கு மேஜையில் அத்தான் தட்டு மட்டும் தனியாக இருந்தது. அவர் சூப்பைக் குடித்துவிட்டு, எதிர் நாற்காலியைப் பார்த்துவிட்டு எழுந்து போவார். எனக்கு அந்த மூன்று நாள் தொண்டையில் சோறு இறங்கவில்லை. என்னைப் பற்றி இப்படி நானே எழுதுவேன் என்று நினைத்ததில்லை.

அந்த மூன்று நாளும் அத்தான் கற்களோடு கடை கடையாக ஏறி இறங்கினார். மூன்று மாதத்தில் அவர் கெடுத்துவைத்த மெஷின்கள் முப்பத்துநாலு. ஒவ்வொரு இடத்திலும் கைகட்டி நின்று, “மன்னிச்சிடுங்க, எனக்கு எடை குறைஞ்சிடுச்சு, அதனால உங்க மெஷின் தப்பாயிடுச்சு” என்று சொல்ல வேண்டியிருந்தது. திட்டு வாங்கத் தயாராகத்தான் போனார். சலவைக்கடை அம்மா, “எத்தன கிலோ அண்ணே? எப்படிக் குறைச்சீங்க?” என்று ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். உடற்பயிற்சிக் கூடத்தில் மூன்று மாதமாக எடை கூடுகிறதே என்று பயிற்சியாளரைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் அத்தானைக் கட்டிப்பிடித்தார்கள். பார்சல் ஆபீஸ்காரர் மட்டும் முகம் சுளித்தார்; வீட்டில் எடை பார்த்துக்கொண்டு வந்த அத்தனை பேரோடும் வாக்குவாதம் செய்தவர் அவர்தானே. ஆக, மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலெல்லாம் அத்தான் தன் பெருமையையே பேசிவிட்டு வந்தார். வீட்டு வாசல் வந்ததும் முகம் மறுபடி தொங்கிப்போகும்.

போட்டியில் என்ன ஆயிற்று என்று எல்லோரும் கேட்கிறார்கள். சிட்டு ஜெயித்தாள். மூன்று சுற்று, கடைசிச் சுற்றில் கால் கொஞ்சம் தளர்ந்தது, ஆனாலும் ஜெயித்தாள், அணியில் இருக்கிறாள். அது பதினொரு மணிக்கு. எனக்கு மனதில் நிற்பது அன்று காலை எட்டரை மணிதான்.

எடை போடுகிற அறைக்குள் பெண்களை மட்டும் விட்டார்கள். நானும் அத்தானும் நடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் கதவைப் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கூடியிருக்குமோடா?” என்றார். அக்கா மூன்று நாள் போட்ட சாப்பாட்டை நினைத்தால் எனக்கும் பயம்தான். சிட்டு வெளியே வந்தாள். கையில் சீட்டு.

“ஐம்பத்தாறு புள்ளி மூணு, மாமா” என்றாள். என்னிடம்தான் சொன்னாள்.

அத்தான் தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

போட்டிக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. அக்கா கொடுத்தனுப்பிய டப்பாவை சிட்டு திறந்தாள். ரொட்டியும் இரண்டு அவித்த முட்டையும். நடை முழுக்கக் காலியாகக் கிடந்தது, எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம். வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு முட்டையை எடுத்து இரண்டாகப் பிட்டாள், பாதியை வாயில் போட்டுக்கொண்டாள், மறு பாதியை அவர் பக்கம் நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

“சாப்பிடுங்கப்பா. தனியா சாப்பிட ஒரு மாதிரி இருக்கு.”

மூன்று மாதத்தில் அத்தான் பன்னிரண்டு மணிக்கு முன்னால் ஒரு பருக்கை வாயில் வைத்ததில்லை. ரொட்டிக்கடை வாசனைக்கும் அசையாதவர், என் கிண்டலுக்கும் அசையாதவர். நடைக் கடிகாரத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் இரண்டு கையாலும் வாங்கிச் சாப்பிட்டார்.